இருபத்திரண்டு பேரும் பாஸ்

பாரதிக்கு இங்கிலீஷ் பிடிக்கும். வெளியில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனாலும் பிடிக்கும். எம்.ஏ. படித்தாள், பி.எட். படித்தாள், தகுதித் தேர்விலும் தேறினாள். அரசுப் பள்ளி வேலை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஐந்து வருடம் காத்திருந்து ஓய்ந்தும் போனாள். வேலூர் பாகாயத்தில் அம்மாவோடு வாடகை வீடு. கடைசியில் சென்னையில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், ஷிஃப்ட் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் பெண் தொழிலாளர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும். நான்கு மாத வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு, சான்றிதழ். காதில் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். பாரதியும் அப்படித்தான் நினைத்தாள்.

வகுப்பு என்பது கேன்டீனின் கடைசி மூலை. அந்தப் பக்கம் தட்டு கழுவுகிற சத்தம், இந்தப் பக்கம் இருபத்திரண்டு பெண்கள். காலை எட்டரை மணிக்கு நின்றவர்கள் ஐந்தரைக்குத்தான் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். பேர்ணாம்பட்டு போக வேண்டியவர்கள் கம்பெனி பஸ் கிளம்பிவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் போய் எழுவாய், பயனிலை என்று ஆரம்பித்தால் அடிக்க வருவார்கள். பாரதி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு விதியைச் சொன்னாள்.

"ஒரு வாக்கியத்துக்கு ஒரு சேதி. யாரு, இன்னா செஞ்சாங்க, எத செஞ்சாங்க. அவ்ளோதான். சேதி முடிஞ்சா புள்ளி வைங்க. அடுத்த சேதிக்கு அடுத்த வாக்கியம்."

"புரிஞ்சிதா?" என்று கேட்டால் "புரிஞ்சிது மிஸ்" என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். யார் கேட்டாலும் பதில் அதுதான். சூப்பர்வைசர் கேட்டாலும், மேனேஜர் கேட்டாலும், வெளிநாட்டுக்காரர்கள் வந்து கேட்டாலும் புரிஞ்சிது என்று சொல்லிப் பழகிய வாய்கள். எழுதச் சொன்னால்தான் தெரியும். எழுந்தேன், சமைத்தேன், பிள்ளையைக் கிளப்பினேன், பஸ் பிடித்தேன், வேலை செய்தேன் என்று ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக ஓடும். எங்கேயாவது ஒரு புள்ளி வைக்கக் கூடாதா என்று பாரதி தலையில் கை வைத்துக்கொள்வாள்.

ஆனால் ஷஹீன் பானு புள்ளி வைப்பாள். நாற்பத்தொரு வயது. பேஸ்டிங் டேபிளில் பதினான்கு வருடமாக நிற்கிறவள். ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவுகிற வேலை. வீட்டில் உருது, வெளியில் தமிழ், படிப்பு ஏழாவதோடு சரி. இங்கிலீஷ் எழுத்துகளை ஷூ பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டைப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டவள். பாரதியைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள், ஆனாலும் 'மிஸ்' என்று கூப்பிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பாரதி அவளைப் பானுக்கா என்பாள்.

"நீங்க எதுக்குக்கா இவ்ளோ ஆசையா படிக்கறீங்க?" என்று பாரதி ஒரு நாள் கேட்டாள்.

"செக்கிங் டேபிளுக்குப் போணும் மிஸ். இங்கிலீஷ் பாஸ் பண்ணா அங்க மாத்தறேன்னு வேதாசலம் சார் சொல்லிகிறாரு. அங்க வாசனை கம்மி. இங்க சாயங்காலம் ஆனா தலவலி பேஜார் பண்ணுது. ஊட்டுக்குப் போனா சோத்துல கூட பேஸ்ட் வாசனைதான் வருது."

வேதாசலம் என்பவர் கம்பெனியின் மனிதவள அதிகாரி. அவர் சொல்லிவிட்டார், இவள் நம்பிவிட்டாள். நம்பிக்கைதான் இந்தக் கதையின் முதல் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள் ஷஹீன் பானு ஒரு சின்னக் காகிதத்தோடு வந்தாள். ஒவ்வொரு ஷூ பெட்டிக்குள்ளும் போடுகிற துண்டுத்தாள் அது. விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று, ஒரு வரியைப் படித்தாள். பிறகு பாரதி கேட்காமலே அர்த்தமும் சொன்னாள்.

"வெயில்ல காய வெக்காதன்னு போட்டிருக்குது மிஸ். பதினாலு வருஷமா இந்தக் காயிதத்த பாக்கறேன். இதான் எழுதியிருந்துதா?"

அவள் சிரித்த சிரிப்பில் பாரதிக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு வரியை ஒருத்தி தானாகப் படித்துப் புரிந்துகொண்டதற்கு இத்தனை சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், இத்தனை சந்தோஷம்தான். இன்னும் ஆறு மாதம் கொடுத்தால் போதும், பத்துப் பேரையாவது இப்படிப் படிக்க வைத்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது பாரதி கணக்குப் போட்டாள்.

ஆறு மாதமா? அடுத்த வாரமே சென்னையிலிருந்து ஹெலன் மேடம் கூப்பிட்டாள். பயிற்சி நிறுவனத்தில் பாரதிக்கு மேலே இருக்கிறவள். குரலில் எப்போதும் தேன் வடியும்.

"பாரதி, டெஸ்ட்ட முன்னாடி வெச்சுட்டாங்கப்பா. ஷூ வாங்கற ஃபாரின் கம்பெனி ஆளுங்க சீக்கிரமே ஆடிட்டுக்கு வர்றாங்களாம். இன்னும் பத்து நாள்தான். இருபத்திரண்டு பேரும் பாஸ் ஆகணும். ஆகலைன்னா கான்ட்ராக்ட் போயிடும், உன் வேலையும்தான். நீ பாத்துப்ப, எனக்குத் தெரியும்."

பத்து நாளில் எதைச் சொல்லித்தர? பாரதி ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தாள். விடிந்தபோது விடை தயாராக இருந்தது. உண்மையில் அது பத்தாம் வகுப்பிலிருந்தே அவளிடம் இருந்த விடைதான். நம் பக்கத்தில் பொதுத்தேர்வு எழுதிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பத்தி கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்டிருக்கும். கேள்வியில் பெரிய வார்த்தை எதுவோ அதை எடு. அந்த வார்த்தை பத்திக்குள் எங்கே இருக்கிறது என்று தேடு. கிடைத்ததும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து புள்ளி வரை அப்படியே எழுது. மார்க் விழும். பத்தி எதைப் பற்றியது என்றுகூடத் தெரிய வேண்டாம். பாரதியின் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் தேறினார்கள். பாரதியும் முதலில் அப்படித்தான் தேறினாள், பிறகுதான் இங்கிலீஷ் பிடித்தது.

கேன்டீன் மூலையில் அதைச் சொல்லிக்கொடுக்க மூன்று நாள்கூட ஆகவில்லை. பெண்களின் முகத்தில் முதல் முறையாகத் தூக்கம் போய்விட்டது. ஒரு பை நிறையக் கலந்து கிடக்கும் ஷூக்களிலிருந்து ஜோடி பொறுக்குகிற கண்கள் அவை. வார்த்தைக்கு வார்த்தை ஜோடி சேர்ப்பது அவர்களுக்கு ஒரு வேலையா? பாரதியே மலைத்துப் போகிற வேகத்தில் கண்டுபிடித்தார்கள். கௌசர் என்று ஒருத்தி, ஷஹீன் பானுவுக்குப் பக்கத்து டேபிள், பக்கத்துத் தெருவும்கூட, "இவ்ளோதானா மிஸ் இங்கிலீஷ்? இதுக்கா இத்தன நாளு புள்ளி வெச்சோம்?" என்று கேட்டுவிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

ஷஹீன் பானு மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து பெஞ்சுகளை இழுத்துப் போடும்போது பக்கத்தில் வந்தாள்.

"அர்த்தம் தெரியாம எய்துறோமே மிஸ், அது தப்பில்லியா?"

"மொதல்ல பாஸ் ஆகுங்கக்கா. அர்த்தம் அப்பறமா பாத்துக்கலாம்."

இதைச் சொன்னது பாரதிதான். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது.

இருபத்திரண்டு பேரும் பாஸ். பாரதி திருத்திய தாள்களில் ஷஹீன் பானு பத்துக்கு ஒன்பது வாங்கி முதலாவதாக வந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். சான்றிதழை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டாத குறைதான். கம்பெனிக்கு இந்த வகுப்பு எதற்கு என்பது அன்றைக்குத்தான் பாரதிக்குத் தெரிந்தது. பசை, பசைக்கு முன்னால் பூசுகிற பிரைமர் போன்ற ரசாயன டின்களோடு வருகிற எச்சரிக்கைத் தாளைத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ளும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் விதி. அதற்கு இரண்டு வழி. தாள்களைத் தமிழிலும் உருதுவிலும் எழுதிக் கொடுத்து, உட்கார வைத்து விளக்கலாம். இல்லையென்றால், எங்கள் தொழிலாளர்களுக்கு இங்கிலீஷ் தெரியும், இதோ சான்றிதழ் என்று காட்டிவிடலாம். வேதாசலம் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். பாரதி கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

செக்கிங் டேபிள் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. முதல் மார்க் வாங்கியதாலேயே ஷஹீன் பானுவைப் பேஸ்டிங்குக்குப் பொறுப்பாளி ஆக்கினார்கள். அந்த டேபிள்களுக்கு வருகிற எந்தத் தாளானாலும் 'படித்தேன், புரிந்தது' என்று இனிமேல் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். போனில் பாரதியிடம் இதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தமும் இருந்தது, பெருமையும் இருந்தது. "தலவலி தலவலிதான் மிஸ். ஆனா இப்ப எல்லாரும் பானுக்கா பானுக்கான்றாங்க." பாரதியை அதற்குள் ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேயும் அதே பாடம்தான். அர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளும் பாடம்.

மூன்று மாதம் கழித்து ஆம்பூர் கம்பெனியில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை, பத்திரிகையில் ஓரத்தில் நாலு வரி. புதிதாக வந்த பிரைமர் டின்னை ஷஹீன் பானு வழக்கம்போல் டேபிளில் வைத்துத் திறந்து கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறாள். பேஸ்டிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே, பசையைச் சூடாக்கும் ஹீட்டர். அது என்றைக்கும் அங்கேதான் இருந்தது, வைத்தது கம்பெனி. பழைய பிரைமர் ஒன்றும் செய்ததில்லை. இது குப்பென்று பிடித்துக்கொண்டது. ஷஹீன் பானுவுக்குப் புருவம் மட்டும் கருகியது. பக்கத்து டேபிளில் நின்ற கௌசருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

கம்பெனி விசாரணை வைத்தது. எச்சரிக்கைத் தாளில் எல்லாம் இருக்கிறது, ஷஹீன் பானு படித்துப் புரிந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், தெரிந்தே கவனக்குறைவாக நடந்திருக்கிறாள் என்பது குற்றச்சாட்டு. நிரூபணம் ஆனால் வேலை போகும். வேலையைவிடப் பெரிதாக, கௌசரின் கை வெந்த பழியும் அவள் தலையில் விழும். கௌசரின் தெரு வழியாக அவள் எப்படி நடமாடுவாள்? பாடம் எடுத்தவள் என்ற முறையில் பாரதியைச் சாட்சிக்கு வரச் சொன்னார்கள்.

ஹெலன் மேடம் முந்தின நாள் கூப்பிட்டாள். "மார்க் நான்தான் போட்டேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடு பாரதி. வேற எதுவும் பேசாத."

பாரதி பேசுவது என்று முடிவு செய்துவிட்டாள். தன் வேலை போனால் போகட்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் சொல்லிக்கொடுத்தது வெறும் தேர்வுத் தந்திரம் என்று சொல்லிவிட்டால், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். ஷஹீன் பானு தப்பிவிடுவாள். ஆனால் இதை முன்கூட்டியே அவளிடம் சொல்ல வேண்டுமே? போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். பத்துக்கு ஒன்பது வாங்கியவளிடம், அந்த மார்க் பொய்யக்கா என்று எந்த வாயால் சொல்வது? கடைசி வரை கூப்பிடவே இல்லை. காலையில் பஸ் ஏறும்போதுகூட, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

கண்ணாடி அலமாரிகளில் மாதிரி ஷூக்கள் அடுக்கிய அறை. வேதாசலம் ஒரு பக்கம். விசாரணை நடத்த வேலூரிலிருந்து வந்திருந்த வக்கீல் நடுவில். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாக, மரியாதையாகப் பேசினார். ஷஹீன் பானு பர்தாவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பாரதியைப் பார்த்ததும் பாதி எழுந்து நின்றாள், வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரியே.

"பத்துக்கு ஒம்போது போட்டது நீங்கதானம்மா?" என்றார் வக்கீல்.

"நான்தான் சார். ஆனா அது நெஜமான மார்க் இல்ல. இவங்களுக்கு இங்கிலீஷ் படிச்சுப் புரிஞ்சிக்கத் தெரியாது. யாருக்குமே தெரியாது. கேள்வில இருக்கற வார்த்தைய தேடி, அந்த வரிய அப்படியே எடுத்து எழுதச் சொல்லிக்குடுத்தேன். தப்பு என்னுது."

ஷஹீன் பானு பாரதியையே பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை பாரதியால் மறக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட பார்வை.

வேதாசலத்துக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "சார், இதுல இன்னா இருக்கு, கேட்டுப் பாத்துடலாமே. அந்தம்மா இங்கதான இருக்காங்க," என்றார்.

வக்கீல் யோசித்தார். நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். எச்சரிக்கைத் தாளை ஷஹீன் பானுவிடம் நீட்டினார். பிறகு இங்கிலீஷில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்.

"வேர் ஷுட் யூ கீப் தி கன்டெய்னர்?"

ஷஹீன் பானு தாளை வாங்கினாள். விரலை வைத்தாள். கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாது என்று பாரதி சாமியை வேண்டிக்கொண்டாள். தன்னிடம் படித்தவள் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். விரல் முதல் வரியில் போனது, இரண்டாவதில் போனது, நடுப்பக்கத்தில் சட்டென்று நின்றது.

"கீப் தி கன்டெய்னர் அட் லீஸ்ட் த்ரீ மீட்டர்ஸ் அவே ஃப்ரம் எனி சோர்ஸ் ஆஃப் ஹீட்." தடங்கல் இல்லை, திக்கல் இல்லை. புள்ளி வந்த இடத்தில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், அர்த்தம் கேளுங்க சார்," என்றாள் பாரதி.

"அர்த்தம் தெரியாமயா இத்தன வரில சரியான வரிய எடுப்பாங்க?" என்றார் வக்கீல். யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? இருந்தாலும் மனசு கேட்காமல் ஷஹீன் பானுவிடம் திரும்பினார். "புரிஞ்சிதாம்மா?"

"புரிஞ்சிது சார்," என்றாள் அவள்.

அவ்வளவுதான். வக்கீல் எழுதிக்கொண்டார். பாரதி இன்னும் ஏதேதோ சொன்னாள். வகுப்பைப் பற்றி, பத்து நாள் கெடுவைப் பற்றி, சென்னை போனைப் பற்றி. அவள் பதறப் பதற, மாணவியைக் காப்பாற்றப் பொய் சொல்கிற டீச்சரம்மா என்றுதான் அங்கிருந்தவர்களுக்குப் பட்டது. "போதும் மேடம், உங்க நல்ல மனசு புரியுது," என்றார் வேதாசலம்.

வெளியே வந்து கேட் பக்கத்தில் நின்றார்கள். ஷேர் ஆட்டோ வர நேரமிருந்தது. ஷஹீன் பானுதான் முதலில் பேசினாள்.

"நாலு பேரு எதுருல எனக்கு ஒண்ணும் தெர்யாதுன்னு சொல்ட்டீங்களே மிஸ். எனக்கு அய்கையே வந்துட்ச்சு. அப்பறம்தான் யோசிச்சேன், எனக்குத் தெர்லன்னா உங்க மானம்தான போவும். அல்லா மேல பாரத்த போட்டு படிச்சுட்டேன். வேதாசலம் சாரு கூட காலைல சொன்னாரு, பதில கரெக்டா சொல்ட்டா ஒண்ணும் ஆவாதும்மான்னு."



"கரெக்டா சொன்னேனா மிஸ்?"

"கரெக்ட்டுக்கா."

ஷஹீன் பானுவின் முகம் மலர்ந்தது. கருகிய புருவத்துக்குக் கீழே கண் பளிச்சென்று இருந்தது. பர்தாவைச் சரி செய்துகொண்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த வரிக்கு இன்னா மிஸ் அர்த்தம்?"

பாரதி சொன்னாள். சொல்லாமல் எங்கே போவது? சூடான எதுவாக இருந்தாலும் அதிலிருந்து பத்தடி தள்ளித்தான் அந்த டின்னை வைக்க வேண்டும் என்று அர்த்தம், என்றாள்.

"பத்தடியா? நம்ப டேபிளுக்கும் ஹீட்டருக்கும் ஒரு மொழம்கூட இல்லியே." சொல்லிவிட்டு ஷஹீன் பானு கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கம்பெனிக்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. "அப்ப இத படிச்சுட்டுதான் நான் அங்க வெச்சு ஊத்துனேன்னு எய்திக்கினாங்களா மிஸ்?"

ஆமாம் என்று பாரதி தலையை ஆட்டினாள்.

"கௌசர் ஊட்லயும் அப்டித்தான நெனப்பாங்க? தெரிஞ்சேதான் ஊத்துனேன்னு?"

ஆட்டோ வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விட்டார்கள். ஷஹீன் பானு ஏறவில்லை. அவள் அந்த ஆட்டோவில் போனால் கௌசரின் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.